அம்பலம் ஏறாத சொல்

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி இடம்பெறும் ஒரு வகைச் செய்தி உண்டு. 'புத்தி சுவாதீனமற்ற யுவதி கர்ப்பம். சந்தேகநபர் தலைமறைவு' என்று தலைப்பிருக்கும். கீழே நான்கு வரிகள், மிஞ்சினால் ஆறு வரிகள். தோட்டத்தின் பெயர், பொலிஸ் பிரிவின் பெயர், யுவதியின் வயது, பின்னர் 'மேலதிக விசாரணைகளைப் பொலிசார் மேற்கொண்டு வருகின்றனர்' என்ற வழக்கமான முடிவு. அந்த மேலதிக விசாரணை என்னவாயிற்று என்பதைச் சொல்லும் அடுத்த செய்தி அநேகமாக வருவதில்லை. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று எண்ணுகிறேன்.

மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், எந்த லயத்துக்குப் போனாலும், அங்கே அப்படி ஒருவர் இருப்பார். வயது இருபத்தைந்தோ நாற்பதோ ஆகியிருக்கும். ஆனால் எல்லோரும் அவரைச் சிறுபிள்ளையைப் போலவே 'டேய்' என்றும் 'ஏய்' என்றும் அழைப்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் தேர்தல் இடாப்பில் இருக்கலாம். ஊர் வைத்த பெயர் வேறு. 'லூசு', 'மக்கு', 'அரைக்கிறுக்கு' என்பவை அந்தப் பெயர்களுள் கொஞ்சம் மரியாதையானவை. கடைக்குப் போய் வர, பீலியிலிருந்து தண்ணீர் சுமக்க, விறகு பொறுக்க, திருவிழாக் காலத்தில் பந்தலுக்கு மூங்கில் தூக்க, கலியாண வீட்டில் பாத்திரம் கழுவ அவர் தேவைப்படுவார். வேலை முடிந்ததும் ஒரு கோப்பைத் தேநீர், ஒரு ரொட்டித் துண்டு. சம்பளம் என்ற பேச்சு எழாது. வேலையில் பிசகினால் அடி விழும். பொழுது போகாத இளைஞர்களுக்கு அவர்தான் பொழுதுபோக்கு. அவரைக் குடிக்க வைத்து ஆடவிட்டுச் சிரிப்பார்கள். அந்த வழியே போகிறவர்களும் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இதற்கு வன்முறை என்று பெயர் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வரும். 'நாங்கதானேங்க சோறு போடுறோம்' என்பார்கள். சோறு போடுவது உண்மைதான். கை ஓங்குவதும் அவர்களேதான் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைபாடு வேறு. மனநோய் எவருக்கும் எந்த வயதிலும் வரலாம். மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். மனவளர்ச்சிக் குறைபாடு என்பது பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடன்வருவது. கற்றுக்கொள்வதிலும், கணக்குப் பார்ப்பதிலும், பேச்சைப் புரிந்துகொண்டு மறுமொழி சொல்வதிலும் வேகம் குறைவாக இருக்கும். அது நோயன்று. வலியும் அவமானமும் அச்சமும் அவர்களுக்கு நம்மைப் போலவே உண்டு. நம் ஊர்ப் பேச்சில் இவ்விரண்டையும் 'பைத்தியம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். இலங்கையில் மனநலம் தொடர்பாக இன்றும் நம்பியிருப்பது 1873ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றிய கட்டளைச் சட்டத்தைத்தான் என்பதை நினைத்தால், லயத்து மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள்மீது வன்முறை அதிகம் என்பது மலையகத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஊனமுற்ற பெரியவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று, பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் எடுத்துக் கூறியது. ஊனமுற்ற சிறுவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்தச் சிறுவர்களே வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நம்முடைய நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை உண்டு என்று கணக்கிட்டது. ஏறத்தாழ 16 இலட்சம் பேர்.

உலகெங்கும் உள்ளதுதான் என்றால் மலையகத்தைப் பற்றித் தனியாக எழுதுவானேன் என்று கேட்கலாம். நம்முடைய வாழ்க்கை அமைப்பு அந்த அபாயத்தைப் பன்மடங்கு ஆக்குகிறது என்பதே என் பதில்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையை நினைத்துப் பாருங்கள். தாயும் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் கிழவியும் அதற்குள்தான். மறைவு என்பதே கிடையாது. விடிந்ததும் பிரட்டுக்குப் போக வேண்டும். தாய் கொழுந்துக் கூடையுடன் மலையேறிவிட்டால், நிறை முடித்துத் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். சின்னப் பிள்ளையாக இருந்தால் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போகலாம். இருபது வயது மகளை எங்கே விடுவது? வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகும் தாய்மார்களை நான் அறிவேன். கதவின் நாதாங்கியில் கயிறு கட்டிவிட்டுப் போனவர்களையும் அறிவேன். மகனின் கணுக்காலையே கட்டிலோடு கட்டிவிட்டுப் போன தாய் ஒருத்தி, அதைச் சொல்லும்போது அழுதாள். அவளைக் கொடியவள் என்று எழுத எனக்குக் கை வராது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் அடுப்பு எரியாது.

எண்பதுகளுக்குப் பின் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போன தாய்மார்களின் வீடுகள் இன்னொரு வகை. தாய் குவைத்திலோ ரியாதிலோ இருக்கிறாள். மகள் பாட்டியின் பொறுப்பில் இருக்கிறாள். பாட்டிக்குக் கண் தெரியாது. குற்றம் செய்கிறவன் எங்கிருந்தோ வருகிறவன் அல்லன். அடுத்த காம்பராவில் இருப்பவன், உறவு முறையில் மாமன் என்றும் சித்தப்பன் என்றும் அழைக்கப்படுகிறவன், மிட்டாய் வாங்கித் தருகிறவன். ஆகவே அவள் கத்துவதில்லை. கத்தத் தெரியாது என்பதன்று. தன்னிடம் அன்பாகப் பேசும் ஒரே மனிதன் செய்வது தவறு என்று அவளுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. நம் வீடுகளில் எந்தப் பெண்பிள்ளைக்கும் உடம்பைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. இவளுக்கு 'என்ன விளங்கப் போகிறது' என்று இன்னும் குறைவாகவே சொல்லித் தருகிறோம்.

விஷயம் வெளியே வந்தபின் என்ன நடக்கிறது? பல ஆண்டுகளுக்கு முன் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கேட்ட பேச்சை இங்கே பதிவுசெய்கிறேன். தோட்டத்தின் பெயர் தேவையில்லை. எந்தத் தோட்டத்தின் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். தாய், தோட்டக் கமிட்டித் தலைவர் வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"தலைவரே, எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்கதாங்க கேக்கணும்."

"அதத்தான் நானும் சொல்றேன் தங்கச்சி. ஒண்ணும் தெரியாத புள்ளைய கோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி நீ என்னாத்த சொல்லப் போற? ஊரு சிரிக்கும். கீழ இன்னொரு பொம்பளப்புள்ள இருக்குதில்ல, அதோட வாழ்க்கைய யோசிச்சியா?"

தலைவர் கெட்டவர் அல்லர். சம்பளப் போராட்டங்களில் முன்னின்றவர், துரையை எதிர்த்துப் பேசியவர். தோட்டத்துச் சண்டை தோட்டத்துக்குள்ளேயே தீர வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். அந்தப் பாடத்துக்கு வரலாறு உண்டு. பொலிஸ் என்றால் துரைமாரின் பக்கம் என்று மூன்று தலைமுறை கண்டறிந்த சமூகம் இது. எனவே பேசித் தீர்த்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவை அவன் வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். அவன் கொஞ்ச காலம் மேல் டிவிசனில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய் இருந்தான். பின்னர் திரும்பி வந்தான். அந்தப் பெண் அதே லயத்தில்தான் இருந்தாள். அவளிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் முன்னோர் வாக்கு. இவர்களுடைய சொல் அம்பலம் வரை போவதே இல்லை. வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அம்பலம் வரை போன சில சம்பவங்களும் உண்டு. அவை எப்படிப் போயின என்பதைப் பார்த்தாலே ஓர் உண்மை விளங்கும். 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி, கொழும்பு பம்பலப்பிட்டிக் கடலில், மனநலம் பாதிக்கப்பட்டிருந்த ஒரு தமிழ் இளைஞர் கைகூப்பிக் கெஞ்சக் கெஞ்சப் பொல்லால் அடிக்கப்பட்டு மூழ்கி இறந்தார். கரையில் கூட்டம் நின்று பார்த்தது. பொலிஸ்காரர் ஒருவர் கைதானார். அருகிலிருந்த கட்டிடத்திலிருந்து அதைப் படம்பிடித்துத் தொலைக்காட்சியில் காட்டியிராவிட்டால், அது அடையாளம் தெரியாத சடலம் ஒன்று கரையொதுங்கிய செய்தியாகவே முடிந்திருக்கும். 2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, அளுத்கமவில் சைக்கிளில் போன ஓட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவன் பொலிஸ் காவலரணில் தாக்கப்பட்டான். அங்கும் கமெராக் காட்சிதான் பேசியது. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை, தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். அங்கே சங்கிலியைப் பற்றி நாடு பேசுவதற்குத் தீ வேண்டியிருந்தது.

கமெரா இல்லாத, தீயும் பற்றாத நானூறு தோட்டங்களில் நாள்தோறும் நடப்பது யாருக்குத் தெரியும்? 2021ஆம் ஆண்டு ஜூலையில், டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தபோது தீக்காயங்களுக்கு உள்ளாகி மரணமானாள். மலையகம் கொதித்தெழுந்தது. எழுந்ததில் தவறில்லை, எழ வேண்டும். ஆனால் நம் லயத்துக்குள்ளேயே, நம்மவர் கையால், வாய்பேச வராத ஒரு பெண்ணுக்கு நேர்வதற்காக ஹட்டன் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எவரும் பதாகை தூக்கி நான் கண்டதில்லை. வெளியார் செய்தால் கொடுமை, நம்மவர் செய்தால் குடும்ப விவகாரம் என்று நியாயத்துக்கு இரண்டு தராசு வைத்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தண்டனைச் சட்டக் கோவையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம், உள அல்லது உடல் ஊனமுற்ற பெண்ணை வல்லுறவுக்கு உட்படுத்துவதைப் பாரதூரமான குற்றமாக வகுத்து, பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை கடூழியச் சிறை என்று விதிக்கிறது. சித்த சுவாதீனமற்ற நிலையில் பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவோ இன்னும் தெளிவாக இருக்கிறது. கேட்கப்படும் கேள்வியை விளங்கிக்கொண்டு அதற்குப் பொருந்தும் பதிலைச் சொல்ல முடிந்த எவரும் சாட்சியாகலாம். மனக்கோளாறு உள்ளவர் என்பது மட்டும் ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்கிவிடாது. பேச இயலாதவர் சைகையாலும் எழுத்தாலும் சாட்சி சொல்லலாம் என்று அடுத்த பிரிவு கூறுகிறது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் இது. 'ஒண்ணும் தெரியாத புள்ள கோட்டுல என்னா சொல்லும்' என்ற தலைவரின் கேள்விக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சட்டம் பதில் எழுதி வைத்திருக்கிறது.

பின் ஏன் வழக்குகள் நிற்பதில்லை? சட்டம் கேள்வியை விளங்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறது. கேள்வியை விளங்கும்படி கேட்பது யார் பொறுப்பு என்று சொல்லவில்லை. இங்கேதான் மலையகத்தின் பழைய நோய் குறுக்கே வந்து நிற்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் பெரும்பான்மை மக்கள் தமிழர்கள். ஆனால் தோட்டங்களைச் சுற்றியுள்ள பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது அன்றைய கடமை இடாப்பைப் பொறுத்தது. அந்தப் பெண் தன் தாய்க்கு மட்டுமே விளங்கும் ஒரு மொழியில் பேசுகிறாள். தாய் அதைத் தோட்டத் தமிழில் சொல்கிறாள். கூட வந்தவர் எவரோ அதைச் சிங்களத்தில் சொல்கிறார். எழுதுபவர் தமக்கு விளங்கியதை எழுதிக்கொள்கிறார். மூன்று ஆறுகளைக் கடந்து வரும் வாக்குமூலம் கரைசேரும்போது அதில் அவளுடைய சொல் ஒன்றாவது எஞ்சியிருக்குமா? பல மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில், 'எத்தனையாம் திகதி, எத்தனை மணி' என்று கேட்கிறார்கள். திகதியும் மணியும் தெரியாதவளிடம், 'கொழுந்து நிறுக்கும் சங்கு ஊதினதற்கு முன்னாலா, பின்னாலா' என்று கேட்டால் சொல்லிவிடுவாள். அப்படிக் கேட்க அங்கே ஆளில்லை.

இதற்குப் பிற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடையாளர் என்றொரு பதவியை உண்டாக்கியது. மனவளர்ச்சி குன்றிய சாட்சியிடம் அவருக்குப் புரியும் விதத்தில் கேள்வியைக் கொண்டுசேர்ப்பதும், அவர் சொல்வதை மாற்றாமல் மன்றுக்குச் சொல்வதும் அவர் பணி. அது இங்கிலாந்து, நமக்கு எட்டாது என்பவர்கள் அருகில் பார்க்கலாம். 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், இந்தியா 2013ஆம் ஆண்டில் தன் குற்றவியல் சட்டங்களைத் திருத்தியது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண் உடலாலோ மனத்தாலோ ஊனமுற்றவராயின், பொலிசார் அவருடைய வீட்டுக்கோ அவர் விரும்பும் இடத்துக்கோ சென்று, விசேட கல்வி ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் முறைப்பாட்டைப் பதிவுசெய்ய வேண்டும். அதை வீடியோவிலும் பதிய வேண்டும் என்பது அத்திருத்தம். நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டிலேயே சிறுவர் சாட்சியத்தை வீடியோவில் பதிவுசெய்து ஏற்கச் சட்டம் வழி செய்தது. அந்த வசதியைப் பதினெட்டு வயதைக் கடந்த, ஆனால் பேச்சிலும் அறிவிலும் சிறுபிள்ளையாகவே இருக்கும் ஒருவருக்கும் விரிக்க ஒரு திருத்தம் போதும்.

பதினெட்டு வயது என்ற இந்த எல்லைக்கோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். சிறுவர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உண்டு, 1929 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. பெண்களுக்கு 1938 உண்டு. முதியோருக்கு 2000ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. வீட்டு வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஊனமுற்றோருக்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது முக்கியமாகப் பேசுவது கல்வியிலும் தொழிலிலும் பொது இடங்களிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்பதைத்தான். ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007இல் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்புறுதி செய்தது. சுரண்டலும் வன்முறையும் துஷ்பிரயோகமும் இன்றி வாழும் உரிமையை அதன் 16ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒப்பமிட்ட பேனாவின் மை காய்ந்து நெடுங்காலமாகிறது. அடிபட்ட மனவளர்ச்சி குன்றிய பெரியவர் ஒருவரைப் பார்த்து, 'இது என் பொறுப்பு' என்று முன்வரும் அதிகாரி ஒருவரைத் தோட்டங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் சமூக சேவை உத்தியோகத்தரைக் காட்டுவார். அவர் பொலிசைக் காட்டுவார். பொலிசார் வைத்தியசாலையைக் காட்டுவார்கள். வைத்தியசாலை அங்கொடையைக் காட்டும்.

இங்கே சிலர் எழுந்து, 'இவர்களை எல்லாம் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்' என்பார்கள். தீராது. ஏர்வாடியும் ஒரு காப்பகம்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களை ஊழியர்கள் அறைவதையும் உதைப்பதையும் 2011ஆம் ஆண்டு பி.பி.சி. இரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. பணியாளர் பதினொருவர் தண்டனை பெற்றனர். அவர்களில் அறுவர் சிறைக்குப் போயினர். இந்தியாவின் சண்டிகர் நகரில் அரசாங்கமே நடத்திய இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண் ஒருவர் 2009இல் கர்ப்பமுற்றிருப்பது தெரியவந்தது. அவருக்கு வன்கொடுமை நேர்ந்தது அந்த இல்லத்தின் சுவர்களுக்குள்தான். நிருவாகம் கருவைக் கலைக்க உத்தரவு கேட்டது. இந்திய உச்ச நீதிமன்றம், அந்தப் பெண் குழந்தையைப் பெற விரும்புகிறார், அவருடைய விருப்பத்தை மீற இயலாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் சரிபிழையைப் பலர் விவாதித்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். நாட்டின் மிகவுயர்ந்த நீதிமன்றம், எவரும் ஒரு சொல் கேட்காத பெண்ணிடம் 'உன் விருப்பம் என்ன' என்று கேட்டது.

இன்னொரு பரிகாரம் காதோடு காதாகச் சொல்லப்படுவது. 'கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி.' தாய்மார் இதைக் கேட்பது அச்சத்தினால்; அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். 1994 பெப்ரவரியில் மகாராஷ்டிராவில் அரசு இல்லம் ஒன்றிலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் பூனே நகர மருத்துவமனையில் இத்தகைய சத்திரசிகிச்சைகள் நடந்தபோது இந்தியா முழுவதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சத்திரசிகிச்சை தடுப்பது கருவை மட்டுமே. குற்றத்தை அன்று. கரு உண்டாகாது என்று தெரிந்துவிட்டால், குற்றவாளிக்கு இருந்த ஒரே பயமும் போய்விடும். குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சியையும் நாமே அழித்துவிடுகிறோம். 'கலியாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும்' என்பதும் இதே வகை. அது பாரத்தைக் கை மாற்றுவது, பாதுகாப்பு அன்று.

அப்படியானால் என்னதான் செய்வது? கோடிக்கணக்கில் பணம் வேண்டிய காரியங்களை நான் சொல்லப் போவதில்லை.

முதலாவது, பகல் வேளையில் இருக்க ஓர் இடம். பிள்ளைக் காம்பரா என்ற ஏற்பாட்டை ஒவ்வொரு தோட்டத்திலும் கண்டுபிடித்து நடத்தியவர்கள் நாம். தாய் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகக் கம்பனிகள் செய்த ஏற்பாடு அது. அதே நியாயத்தில், இரண்டு மூன்று டிவிசன்களுக்குப் பொதுவாக, பெரியவர்களுக்கான பகல்நேர நிலையம் ஒன்றை ஒதுக்க ஒரு பழைய கட்டிடமும் பயிற்சி பெற்ற இரு பெண்களும் போதும். 2018ஆம் ஆண்டில் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டபின், தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்று பிரதேச சபைகள் சாக்குச் சொல்லவும் இயலாது. நுவரெலியாவில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகளாக இயங்கிவந்த மென்கஃபெப் போன்ற நிறுவனங்களின் அனுபவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இரண்டாவது, பேச்சு. உடம்பின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பது, 'வேண்டாம்' என்று சொல்லவும் ஓடிவரவும் பழக்குவது, நம்பிச் சொல்ல ஒருவரைக் காட்டுவது. மனவளர்ச்சி குன்றியோருக்கு இதைக் கற்பிக்க முடியும். திரும்பத் திரும்ப, படத்தைக் காட்டி, பொறுமையாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துக் குடும்பநல மாதுவுக்கு இதில் ஒரு சிறு பயிற்சி கொடுத்தால், வீடு வீடாகப் போகும் அவரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

மூன்றாவது, பணம். மாற்றுத்திறனாளிகளுக்கான அரச உதவித்தொகை அவர்கள் பெயரில் வந்து, வேறு எவர் கையிலோ போய்ச் சேர்கிறது. சில வீடுகளில் அது சாராயமாகிறது. பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் போய், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, உடம்பில் தழும்பு உண்டா என்று பார்த்து, அவர் சாப்பிட்டாரா என்று அவரையே கேட்க வேண்டும். அப்படி ஒருவர் வருவார் என்று தெரிந்தாலே ஓங்கிய கை பாதியில் நிற்கும்.

நான்காவது, தொழிற்சங்கங்கள். இதை எழுதும்போதுதான் எனக்கு ஆதங்கம் மிகுகிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவரும் ஒரு மாதர் சங்கமும் வைத்திருக்கும் அமைப்பு நாட்டில் வேறு எவரிடமும் இல்லை. பாலியல் குற்றத்தையும் மனவளர்ச்சி குன்றியோர்மீதான தாக்குதலையும் எந்தக் கமிட்டியும் பேசித் தீர்க்கக் கூடாது, நேரே பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று சங்கங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். காகிதச் செலவு மட்டுமே ஆகும். பேசித் தீர்த்த தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் துணிவு இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு. 'புத்தி சுவாதீனமற்ற' என்ற அடைமொழியோடு செய்தியைத் தொடங்காதீர்கள். அது குற்றத்தின் கனத்தைக் குறைக்கிறது. பெயரையும் வீட்டையும் மறைத்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, அதே வழக்கு என்னவாயிற்று என்று நீதிமன்றத்தில் விசாரித்து இன்னொரு நான்கு வரி எழுதுங்கள். அந்த இரண்டாவது நான்கு வரிகளுக்காகத்தான் குற்றவாளிகள் அஞ்சுவார்கள்.

நம் சமூகத்துக்கு நான் நினைவூட்ட விரும்புவது ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஐந்தேகால் இலட்சம் பேர் உங்களுக்கு, மூன்று இலட்சம் பேர் எங்களுக்கு, மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். நம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. 'இவர்களுக்கு என்ன தெரியும்' என்பதே இரு தலைநகரங்களின் எண்ணமாக இருந்தது. அந்தக் காயத்தைப் பற்றி அறுபது ஆண்டுகளாக எழுதிவருகிறோம், மேடைகளில் பேசிவருகிறோம். ஒரு மனிதனைப் பற்றிய முடிவை அவனைக் கேட்காமலே எடுப்பது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட நாம், நம் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருப்பவளைக் கேட்காமலே அவளுக்கு நேர்ந்ததைப் பேசித் தீர்க்கிறோம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறோம். யார் அடித்தான், எங்கே அடித்தான், எங்கே வலிக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்பதற்கு நாம் இன்னும் உட்காரவில்லை.